மூன்று லட்சத்துக்கு ஒரு ஏக்கர் கிடைக்கிறதாம், வாங்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

எனக்குப் பெரம்பலூர் பக்கம் மூன்று ஏக்கர் இருக்கிறது என்று போன மாதம் ஒரு பதிலில் பேச்சுவாக்கில் எழுதிவிட்டேன். அன்றிலிருந்து வருகிற கடிதங்களில் பாதி நிலம் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை. நிலம் தேடுகிறார் என்று தெரிந்தால் தரகர்கள் போன் அடித்தே ஆளைக் கொன்றுவிடுவார்கள்.

*கேள்வி: நானும் கணவரும் தனியார் வேலையில் இருக்கிறோம். ஏழெட்டு வருடத்தில் வேலையை விட்டுவிட்டு ஒரு சின்னத் தோட்டம் போட்டுக்கொண்டு உட்கார ஆசை. கையில் 20 லட்சம் இருக்கிறது. திண்டிவனம் பக்கம் கேட்டால் ஒரு ஏக்கருக்கே அது பத்தாது என்கிறார்கள். கமுதி பக்கம் ஏக்கர் மூன்று லட்சம்தான் என்று ஒரு தரகர் சொல்கிறார். எந்த மாவட்டத்தில் வாங்கினால் எங்களுக்குக் கட்டுப்படியாகும்? – ஒரு வாசகி, அம்பத்தூர்*

அம்மா, தரகர் பொய் சொல்லியிருக்க மாட்டார். கமுதி, முதுகுளத்தூர், கடலாடி என்று உள்ளே போனால் சென்னைக்காரர்கள் நம்ப முடியாத விலைக்கு மானாவாரி நிலம் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு நிலம் மலிவாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் அந்த ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், வாங்கப் போகிற உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. அதைக் கண்டுபிடித்து, இந்தக் குறை நமக்குத் தாங்குமா என்று பார்த்துக்கொண்டால் போதும். தாங்கும் என்றால் தைரியமாக வாங்கலாம், ஊர்க்காரன் வேண்டாம் என்று ஒதுக்கிய குறை சில சமயம் உங்களுக்கு ஒரு பொருட்டாகவே இருக்காது.

ராமநாதபுரத்தில் குறை தண்ணீர். மழையே இல்லாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் அங்கும் கொட்டும். தமிழ்நாட்டின் மொத்த மழையில் பாதிக்கு நெருக்கமாக அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது என்றால், அந்தப் பக்கத்தில் அந்த மூன்று மாதத்தை நம்பித்தான் வருடமே. அந்த மழையைப் பிடித்து வைக்கக் கண்மாய்கள் இருக்கின்றன. வைகையின் கடைமடை என்பதால் ஆற்றுத் தண்ணீர் வந்து சேர்வது மட்டும் வருடத்துக்கு வருடம் மாறும். போர் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான் வரும், அதில் தென்னையைக் காப்பாற்றுவதே பாடு. இத்தனைக்கும் நடுவில் அந்த ஊர்க்காரர்கள் முண்டு மிளகாயை விளைய வைத்து 2023ல் புவிசார் குறியீடு வரைக்கும் கொண்டுபோனார்கள். அதாவது அந்த மண்ணுக்கு ஒரு விவசாயம் இருக்கிறது, அது மழையை நம்பிய, வருடத்தில் நான்கைந்து மாத விவசாயம். மாமரமும் கொய்யாவும் வைத்து நிழலில் நாற்காலி போட்டு உட்காரலாம் என்ற ஆசைக்கு அது ஒத்துவராது. இன்னொன்று, கமுதி பக்கம் 2016ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அங்கே இப்போது யாராவது மொத்தமாக நிலம் வளைத்துப் போட்டால் அது விவசாயத்துக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதற்கு மேற்கே அருப்புக்கோட்டை, எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி. கரிசல் பூமி. மானாவாரிக்கு இதைவிட நல்ல மண் கிடையாது என்பது என் கட்சி. மழை நின்ற பிறகும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும், புரட்டாசியில் விதைத்துவிட்டு உளுந்து, பாசி, கம்பு, மல்லி என்று தையிலிருந்து அறுக்கலாம். குறை என்னவென்றால், நல்ல மழை பெய்தால் இரண்டு நாளைக்குக் காட்டுக்குள் கால் வைக்க முடியாது, செருப்பு ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், அதனால் சின்னதாக ஒரு அறை கட்டினாலும் அஸ்திவாரத்துக்குப் பணம் போகும். மக்காச்சோளம் போட்டால் காட்டுப்பன்றிக்கும் 2018ல் வந்து சேர்ந்த படைப்புழுவுக்கும் போக மிச்சம்தான் உங்களுக்கு. இதெல்லாம் பரவாயில்லை என்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது கரிசலைத்தான். ஆனால் அது மதுரை, தூத்துக்குடி, திருநெல்வேலியில் குடியிருப்பவர்களுக்கு. அம்பத்தூரிலிருந்து அது இரவு ரயில் தூரம்.

புதுக்கோட்டை இரண்டு ஊர் மாதிரி. கிழக்கே ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் நல்ல செம்மண், பலா, கடலை, பூ, தென்னை என்று எது வைத்தாலும் வரும். ஆனால் போர் பல நூறு அடி கீழே போக வேண்டும், விலையும் மலிவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஒரே ராத்திரியில் அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டதையும் மறக்க வேண்டாம். மேற்கே விராலிமலை, அன்னவாசல் பக்கம் பாறை, விலை இறங்கும், தண்ணீர் யோகம் இருந்தால் உண்டு.

பெரம்பலூர், அரியலூர் என் ஊர்ப்பக்கம், கொஞ்சம் ஓரவஞ்சனையாகத்தான் சொல்வேன். திருச்சி நெடுஞ்சாலையில் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு நிலத்தில் இருக்கலாம். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம், மற்றபடி மக்காச்சோளம், பருத்தி. குறை, அடியில் பாறை. ஒரு வயலில் தண்ணீர் பீறிடும், வரப்பு தாண்டி அடுத்த வயலில் புழுதி பறக்கும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் இருக்கிற பக்கம் லாரிப் புழுதியும் சேரும், பக்கத்து நிலம் நாளைக்குப் பள்ளமாகிவிடவும் கூடும். பார்த்து வாங்க வேண்டும்.

சென்னைக்காரர்களுக்குத் தூரத்தில் ஒத்துவருவது செஞ்சி, சேத்துப்பட்டு, போளூர், சங்கராபுரம் வட்டாரம். ஏரிப் பாசனம் இருக்கிறது, கடலை நன்றாக வரும், சாலையை விட்டு ஆறேழு கிலோமீட்டர் உள்ளே போகப் போக விலை இறங்கும். அங்கே கவனிக்க வேண்டியது வேறு இரண்டு. முதலாவது பஞ்சமி நிலம். 1892ல் வெள்ளைக்காரன் காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிபந்தனையோடு கொடுத்த நிலம் அது, மற்றவர்கள் வாங்கினால் செல்லாது, செல்லக் கூடாது என்பதும் நியாயம்தான். விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் தாலுகா அலுவலகத்தில் பழைய ‘அ’ பதிவேட்டை, அதாவது எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று எழுதியிருக்கிற கிராமக் கணக்கைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், இணையத்தில் இருக்கிற புதிய பதிவேட்டில் அந்தக் குறிப்பு விட்டுப்போயிருக்கலாம். இரண்டாவது, அரசாங்கம் எடுக்கப் போகிற நிலம். பரந்தூர் விமான நிலையமும் செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கமும் எத்தனை கிராமத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தன என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி: பாறை, ஆழத்தில் தண்ணீர், பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, குடிக்க ஒகேனக்கல் தண்ணீரைத்தான் நம்ப வேண்டும். ஓசூர் பக்கம் விலை உங்களுக்கு எட்டாது. பொள்ளாச்சி, கம்பம் பள்ளத்தாக்கு இரண்டையும் இந்தப் பட்ஜெட்டில் மறந்துவிடுங்கள். டெல்டாவில் தலைஞாயிறு, வேதாரண்யம் என்று கடைமடைக்குப் போனால் கொஞ்சம் குறையும், ஆனால் அங்கே வடிகாலும் கடல் உப்பும்தான் பிரச்சினை, பழ மரக் கனவோடு போகிறவர்களுக்கு அது இடமில்லை.

சரி, உங்களுக்கு என்று கேட்டால்: குடிபோவது ஏழு வருடம் கழித்து. அதுவரை மாதம் இரண்டு முறையாவது போய் வரக்கூடிய தூரத்தில்தான் வாங்க வேண்டும், இல்லையென்றால் நிலம் பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் சீமைக்கருவேலுக்கும்தான். செஞ்சி–சேத்துப்பட்டு உள்பகுதியில் ஒரு ஏக்கரோ, பெரம்பலூர் பக்கம் கிணறோடு ஒன்றரை ஏக்கரோ தேடுங்கள். கமுதியில் ஆறு ஏக்கர் வாங்கலாமே என்று மனசு சொல்லும், அதைக் கேட்காதீர்கள்.

20 லட்சம் மொத்தத்தையும் நிலத்தில் போடவும் கூடாது. 12க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 12 லட்சத்துக்கு 1,08,000 ரூபாய் பதிவுக்கே போய்விடும். அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பு நீங்கள் கொடுக்கிற விலையைவிட அதிகமாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு. 10 லட்சத்துக்குள் வருகிற சொத்து என்றால் உங்கள் பெயரிலேயே பதியுங்கள், பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. மீதி இருப்பது வேலி, போர், மோட்டார், குழாய், முதல் இரண்டு வருடக் கூலிக்கு. வேலிக்கு என்று யாரும் பணம் எடுத்து வைப்பதே இல்லை, ஒரு ஏக்கரைச் சுற்றிக் கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

நிலத்தை இரண்டு தடவை பாருங்கள். சித்திரையில் ஒரு தடவை, பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்க்க. ஐப்பசியில் ஒரு தடவை, தண்ணீர் எங்கே தேங்குகிறது, பாதை எங்கே முழுகுகிறது என்று பார்க்க. தரகர் எப்போதும் மார்கழியில்தான் கூட்டிக்கொண்டு போவார். மார்கழியில் எல்லா நிலமும் அழகு.

*கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் பத்து ஏக்கர் வருகிறது, முழுக்க வேலிக்காத்தான். ஜே.சி.பி. விட்டுத் தள்ளிவிட்டால் மண் நன்றாக இருக்கும், விறகை விற்றே செலவை எடுத்துவிடலாம் என்கிறார்கள். உண்மையா? – ஒரு வாசகர், திருப்பூர்*

பாதி உண்மை. வேலிக்காத்தான் என்று நீங்கள் சொல்கிற சீமைக்கருவேலுக்கு அங்கே கரிமூட்டக்காரர்களிடம் விலை உண்டு, தூர் பருத்த மரமாக இருந்தால் வெட்டுக்கூலி போகக் கையில் கொஞ்சம் நிற்கும். மெலிந்த புதராக இருந்தால் யாரும் சீண்ட மாட்டார்கள். வெட்டினால் போதாது, தூரோடு பிடுங்க வேண்டும், பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிடக்கிற விதை முதல் மழைக்கே பாய் விரித்த மாதிரி முளைக்கும். ஆடு மாடு காயைத் தின்றுவிட்டு வந்து போடுகிற சாணியிலும் விதைதான். இரண்டு மூன்று வருடம் விடாமல் உழுது பயிர் வைத்தால் அடங்கும். ஒரு வருடம் திருப்பூரில் ஆர்டர் அதிகம் என்று போகாமல் இருந்துவிட்டீர்களா, மறுபடி முதலிலிருந்து.

எனவே பத்து ஏக்கரையும் ஒரே மூச்சில் சுத்தம் செய்யாதீர்கள். நீங்கள் உண்மையில் உழுது விதைக்க முடிகிற இரண்டு ஏக்கரைச் சுத்தம் செய்யுங்கள், மற்றது அப்படியே கிடக்கட்டும். அதற்கும் முன்னால் நிலத்தின் தாழ்வான மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்கள், வேளாண்மைப் பொறியியல் துறையில் கேட்டால் அவர்களிடமே வாடகைக்கு இயந்திரம் உண்டு, மானியம் இருக்கிற வருடமாக இருந்தால் அதையும் சொல்வார்கள்.

இன்னொரு விஷயம், அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பல வருடம் யாரும் உழாமல் கருவேல் மண்டிய நிலத்தில் எல்லைக்கல் எங்கே என்று விற்கிறவருக்கே தெரியாது. சர்வேயரை வைத்து அளந்து நான்கு மூலையிலும் கல் ஊன்றிய பிறகுதான் பத்திரம். கருவேலைத் தள்ளியதும் பத்து ஏக்கர் எட்டாகிவிடுகிற அதிசயம் அந்தப் பக்கம் சகஜம். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில்தான் இருக்கும். ஒரு ஹெக்டேர் என்றால் 2 ஏக்கர் 47 சென்ட், பத்து ஏக்கர் என்றால் பட்டாவில் 4.05 ஹெக்டேர் இருக்க வேண்டும்.

*கேள்வி: 25 சென்ட் ‘பண்ணை மனை’, மா, தென்னை, சந்தனம் எல்லாம் அவர்களே நட்டுப் பராமரித்து வருடா வருடம் வருமானமும் தருவார்களாம். போடலாமா? – ஒரு வாசகர், வேளச்சேரி*

வேண்டாம்.

ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்வீர்கள், அதனால் கொஞ்சம் விளக்கம். அதே ஊரில் ஒரு விவசாயியிடம் ஒரு ஏக்கர் என்ன விலை என்று விசாரித்து, அதை நான்கால் வகுத்து, உங்களிடம் 25 சென்ட்டுக்குக் கேட்கிற தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் நுழைவாயில் வளைவும் நீச்சல்குளமும் வண்ணக் கையேடும். பத்திரத்தில் அது விளைநிலம் என்றுதான் இருக்கும், நாளைக்கு வீடு கட்ட அனுமதி கேட்டுப் போனால் அங்கீகாரம் பெற்ற மனை இல்லை என்பார்கள். பாதையும் போரும் பொது, நிறுவனம் இழுத்து மூடினால் மோட்டாருக்கு யார் கரண்ட் பில் கட்டுவது என்று நூறு பேர் வாட்ஸ்அப்பில் சண்டை போட வேண்டியதுதான். இதற்கு அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, மாதம் ஒரு தடவை மாமனார் ஊருக்குப் போய்க் களை பறித்துவிட்டு வரலாம்.

*கேள்வி: நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வரும்போது தென்காசி பக்கம் இரண்டு ஏக்கர் வாங்க நினைக்கிறேன். என் பெயரில் வாங்கலாம்தானே? – ஒரு வாசகர்*

வாங்க முடியாது தம்பி. வெளிநாடுவாழ் இந்தியர்கள் வீடு, கடை, மனை வாங்கலாம். விளைநிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு மூன்றையும் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இடமில்லை. அப்பா, தாத்தா வழியில் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஊரில் ஒருவருக்குப் பவர் எழுதிக்கொடுத்து உங்கள் பெயரில் வாங்கினாலும் அதே கதைதான். பதிவு அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை, பதிந்து கொடுத்துவிட்டார்கள் என்று சில பேர் சொல்வார்கள், பதிந்துவிட்டதால் சட்டப்படி சரியாகிவிடாது, விற்கப் போகும்போது வினை வரும்.

ஊரில் இருக்கிற உங்கள் மனைவியோ அப்பாவோ அவர்கள் பெயரில் வாங்கலாம், அது அவர்கள் சொத்து என்பதை மனதார ஏற்றுக்கொண்டு. பணத்தை எப்படி அனுப்புவது என்பதை ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் குடியிருப்பவர் விளைநிலம் வாங்க அவர் விவசாயியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. தென்காசி நல்ல தேர்வுதான், ஆனால் மலையடிவாரம் ஒட்டி வாங்கினால் யானைக்கும் பன்றிக்கும் சேர்த்து விதைக்க வேண்டும், சில கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன, அங்கே ஒரு அறை கட்டவும் தனி அனுமதி வேண்டும்.

*கேள்வி: வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது, பட்டாவும் இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்? – ஒரு வாசகி, துறையூர்*

நானும் இதே இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். என் கதையைச் சொல்கிறேன், நீங்கள் ஏமாற வேண்டாம்.

நான் நிலம் பார்க்கப் போனபோது தார்ச்சாலையிலிருந்து நிலம் வரைக்கும் அருமையான வண்டிப்பாதை இருந்தது. டிராக்டர் போகும், லாரி போகும். பதிந்து ஆறாவது மாதம் ஒரு நாள் போனால் பாதையின் குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டிருந்தது. பக்கத்து நிலத்துப் பெரியவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். “அது பாதை இல்லீங்க, என் பட்டா நிலம். பழைய ஆளு எனக்கு மாமன் முறை, அதனால விட்டு வெச்சிருந்தேன், உங்களுக்கு எதுக்கு விடணும்?” என்றார். நிலத்தின் எல்லைகளை அளந்து வரைந்திருக்கிற அரசாங்கப் புலப்படத்தை எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது அச்சு அசலாக உண்மை, அங்கே பாதை என்று ஒரு கோடுகூட இல்லை. ஒன்றரை வருடம் தலையில் உரமூட்டையைச் சுமந்துகொண்டு வரப்பில் நடந்தேன். கடைசியில் அவரிடமே பத்து அடி அகலத்துக்கு ஒரு துண்டைக் கிரயம் வாங்கினேன், சென்ட் கணக்கில் பார்த்தால் என் நிலத்தைவிட மூன்று மடங்கு விலை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, இப்போது அவர்தான் என் மோட்டாரைப் போட்டு விடுகிறார். கோபமெல்லாம் புலப்படத்தை ஒரு தடவை விரித்துப் பார்க்காத என் மேல்தான். இணையத்தில் பட்டா, ‘அ’ பதிவேடு எடுக்கிற அதே இடத்திலேயே புலப்படமும் கிடைக்கும், பாதை உங்கள் நிலம் வரைக்கும் கோடாக வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் பாதை உரிமையைப் பத்திரமாகப் பதிந்து தரச் சொல்லுங்கள்.

அப்புறம், அது கூட்டுப் பட்டாவா தனிப் பட்டாவா? கூட்டு என்றால் உங்களுக்கு விற்பவரின் பாகம் எந்தப் பக்கம் என்று உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிய பிறகுதான் மேலே பேச வேண்டும். பரம்பரைச் சொத்தா? அப்படியானால் அக்கா தங்கச்சிகள் கையெழுத்து. 1989லிருந்தே தமிழ்நாட்டில் பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிட்டது, ‘அவங்க கேக்க மாட்டாங்க, நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு’ என்று அண்ணன் சொல்வதை எந்த நீதிமன்றமும் ஏற்காது.

பட்டா யார் பெயரிலோ, தாய்ப்பத்திரம் யார் பெயரிலோ இருந்தாலும் ஓடிவிட வேண்டாம். 1979லிருந்து 87 வரை நடந்த நிலவுடைமைப் பதிவுச் சீரமைப்பில், யு.டி.ஆர். என்று வி.ஏ.ஓ. ஆபீசில் சொல்வார்களே அதில், பெயர்கள் மாறிப்போன கிராமங்கள் ஏராளம். திருத்த வழி இருக்கிறது, ஆனால் அதை விற்பவர் செலவில், விற்பவர் அலைந்து, நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். கோயில் நிலம், வக்ஃபு நிலம், பூமிதான நிலம் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். வயலில் யாராவது குத்தகைக்கு உழுகிறாரா என்றும் பாருங்கள், குத்தகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு பலமாக இருக்கிறது. வி.ஏ.ஓ. வைத்திருக்கிற பயிர்க் கணக்கான அடங்கலில் யார் பெயர், என்ன பயிர் என்று பார்த்துவிட்டு நேரில் போய் அந்த ஆளிடமே பேசுங்கள்.

ஒரு வழக்கறிஞரிடம் கருத்துரை வாங்கச் சில ஆயிரம் ஆகும். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

*கேள்வி: நிலத்தில் இலவச மின்சாரம் இல்லை, விண்ணப்பித்தால் வந்துவிடும் என்கிறார் விற்பவர். – ஒரு வாசகர், சேலம்*

வரும். எப்போது என்பதுதான் கேள்வி. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் வரிசை நீளம், வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், 2021ல் ஒரே தடவையில் ஒரு லட்சம் புதிய இணைப்பு என்று அரசு அறிவித்த பிறகும் வரிசை தீரவில்லை. தட்கல் முறையில் லட்சக்கணக்கில் கட்டி முன்னால் வாங்கலாம், அதையும் நிலத்தின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். கிணறும் இணைப்பும் உள்ள நிலத்துக்கு ஏக்கருக்கு ஒன்றிரண்டு லட்சம் அதிகம் கேட்டால் கொடுத்துவிடுங்கள், கடைசியில் அதுதான் மலிவு. மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, கிணற்றில் எத்தனை பேருக்குப் பங்கு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ‘கிணத்துல நாலுல ஒரு பங்கு, வாரம் ரெண்டு நாள் முறை’ என்று பத்திரத்தின் கடைசி வரியில் இருக்கும்.

இல்லையென்றால் சூரிய சக்தி பம்ப்செட். 60 சதவீதம் மானியம், ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு குறு விவசாயிகளுக்கு அதற்கும் மேல். சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயிச் சான்று வைத்திருந்தால் 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். ஐந்து ஏக்கருக்குள் வைத்துக்கொள்வதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

*கேள்வி: தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் 300 அடியில் இரண்டு இஞ்ச் தண்ணீர் என்கிறார். நம்பலாமா? – அதே சேலம் வாசகர்*

என் நிலத்தில் தேங்காய் நின்ற இடத்தில் 420 அடி போனோம், தண்ணீருக்குப் பதில் வெள்ளைப் பாறை மாவுதான் வந்தது. அடுத்தது கருவி வைத்து மண்ணுக்குள் மின்சாரம் விட்டுத் தண்ணீர் தேடுகிற மின்தடை ஆய்வு செய்து புள்ளி வைத்த இடம், 280 அடியில் தண்ணீர். அதற்காகக் கருவி தோற்காது என்று சொல்லவில்லை. நான் இப்போது நம்புவது பக்கத்து நிலத்துக்காரர்களை: உங்கள் போர் எத்தனை அடி, சித்திரையில் எத்தனை மணி நேரம் ஓடும், எந்த வருடம் போட்டது, இதற்கு முன்னால் எத்தனை போர் தோற்றது. நான்கு பேரிடம் கேட்டால் போதும். தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள், உப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள், கட்டணம் ஒரு டீச் செலவு மாதிரிதான்.

*கேள்வி: எல்லாரையும் பயமுறுத்தியே அனுப்புகிறீர்களே, நாங்கள் ஒரு வழியாக வாங்கிவிட்டோம், செட்டிகுளம் அருகே ஒரு ஏக்கர் பத்து சென்ட். முதலில் என்ன நடலாம்? – ஒரு தம்பதி, திருச்சி*

வாழ்த்துகள், வாங்க ஊர்க்காரங்களே!

முதல் வருடம் பெரிதாக எதுவும் நடாதீர்கள். கோடை உழவு ஒன்று போட்டு, மழைக்கு முன்னால் பல தானியம் விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். அந்த ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த மூலையில் மண் ஆழம், பன்றி எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துவிடும். மரக்கன்று அடுத்த ஆடியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்று மட்டும் இந்த வருடமே செய்துவிடுங்கள். எல்லைக்கல்லுக்கு உள்பக்கமாக நான்கு புறமும் ஆறடிக்கு ஒன்றாகப் பனங்கொட்டை ஊன்றிவிடுங்கள். ஆவணி புரட்டாசியில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும், ஒரு சாக்கு எடுத்துக்கொண்டு போனால் காசு கொடுக்காமலே நிரம்பிவிடும்.